மேல் பட்டன்

கிள்ளானிலிருந்து ரயிலில் வரும்போதே ராஜன், சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டு வந்தார். "லியனார்ட், டாக்டர் சொல்றதக் கேளு. கால் போனா உசிராவது மிஞ்சும்." இதைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை என்ற வைராக்கியத்தோடுதான் பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி, கடையில் நாலு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கூட்டாளி லியனார்டின் பிளாட்டுக்கு வந்தார்.

முந்தின நாள், சனிக்கிழமை, லியனார்டின் மகள் கிறிஸ்டின் போன் பண்ணியிருந்தாள். "அங்கிள், இனிப்பு நீர் வியாதி முத்திப்போய் அப்பாவுக்குப் பாதம் கறுத்திருச்சு. முழங்காலுக்குக் கீழ எடுக்கணுமாம். திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில படுக்கை போட்டு வச்சிட்டாங்க. அப்பா வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு." வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போல. போனிலேயே அழுதுவிட்டாள். "நீங்க சொன்னாதான் கேப்பாரு. டாக்டர்கிட்டயே பாலம் கீலம்னு என்னமோ பேசுறாரு."

பாலம் என்றதும் ராஜனுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

கதவைத் திறந்ததும் லியனார்டின் சத்தம் வந்தது. "வாடா! சாகப் போறவனப் பாக்க வந்த மாதிரி ஆரஞ்சு வேற."

"உனக்கு யாரு வாங்கினா? வழியில பசிச்சா திங்கலாம்னு வாங்கினேன்."

"திங்கலியே."

"பசிக்கல."

லியனார்ட் சிரித்தார். கைலி கட்டி, கட்டுப் போட்ட காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே முதுகு புடைத்த பழைய டிவி. அதன் கீழே மஞ்சள் பூத்துப்போன அந்த கேம் பெட்டி. மகன் கால்வின் வாங்கிக் கொடுத்த புதுப் பெட்டி ஒன்று பக்கத்திலேயே இருந்தது, அதன்மேல் மருந்துப் பைகளை அடுக்கியிருந்தார்கள்.

"பேச வந்தத அப்புறம் பேசு," என்றார் லியனார்ட். "மொதல்ல பட்டன் கட்டைய எடு. இன்னிக்குப் பாலம்."

இரண்டு பேரும் கிள்ளானில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டு ஒரே அறையில் குடியிருந்த காலத்தில், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கேம் அது. முழுக்க ஜப்பான் எழுத்து. எவனும் சீண்டாததால் மலிவாகக் கிடைத்தது. ராஜனுக்கு அப்போது எந்த மொழியிலும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. லியனார்டுக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும். அதனால் ஜப்பான் எழுத்து அவர்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை. உலகத்தில் எல்லா எழுத்தும் அவர்களுக்கு அப்படித்தான் இருந்தது. படத்தைப் பார்த்தார்கள், கதையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். ஊர் ஊராக நடக்கும் வீரனும் அவன் தங்கச்சியும். கூடவே கோடாரி தூக்கிய குண்டன் ஒருவன், அவன்தான் லியனார்ட். ஊரையெல்லாம் அடிமைப்படுத்தி வைத்திருக்கும் ராஜாவுக்கு, இவர்கள் முன்பு இருந்த தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியின் பெயர். கிராணியைக் கடைசியில் அடித்து வீழ்த்தும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காகவே, முடிய முடிய மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பின்னாளில் ராஜன் கோவில் மண்டபத்துச் சாயங்கால வகுப்பில் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டார். அறை மாறியது, கல்யாணம் ஆனது, முதுகு போனது. கேம் மட்டும் ஓயவில்லை.

கேம் ஏதாவது கேள்வி கேட்டால் இரண்டு சொல் வரும், மேலே ஒன்று, கீழே ஒன்று. இவர்கள் எப்போதும் மேலே உள்ளதைத்தான் அமுக்குவார்கள். அது கிடங்குப் பழக்கம். பாரந்தூக்கியில் மேல் பட்டனை அமுக்கினால் மூட்டை மேலே போகும், யாருக்கும் ஆபத்தில்லை. கீழ் பட்டனை அமுக்கினால் அது எவன் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. "கண்ண மூடிக்கிட்டு அமுக்கறதுன்னா மேல அமுக்கு," என்று வேலை வாங்கும் மண்டோர் தினமும் கத்துவான். கேமிலும் ஒருமுறை கீழே அமுக்கிப் பார்த்தார்கள், சத்திரக்காரன் வெளியே தள்ளிவிட்டான். அதோடு சரி.

ராஜன் கட்டையை எடுத்தார். சத்திரத்திலிருந்து வீரன் கிளம்பினான். பின்னால் தங்கச்சி, அதற்குப் பின்னால் குண்டன்.

கிறிஸ்டின் தண்ணீர் கொண்டுவந்தாள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஜப்பான் கம்பெனியில் அவளுக்கு வேலை. கம்பெனியே ஜப்பான் மொழி படிக்க வைத்து, இப்போது மேலதிகாரிகளுக்கு அவள்தான் மொழிபெயர்த்துச் சொல்கிறாள். சின்ன வயதில் இந்த கேமின் மெட்டு கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடியவள். வேலைக்குப் போன பிறகு தனியாக வீடு எடுத்துப் போய்விட்டாள். இன்றைக்குத்தான் அந்தத் திரையின் முன்னால் நின்று பார்க்கிறாள்.

"ஐயே," என்று சிரித்தாள். "ஹீரோ பேரு ஆஆஆஆவா?"

"என்னம்மா?"

"பேரு போடற எடத்துல மொத எழுத்தையே அமுக்கி அமுக்கி வச்சிருக்கீங்க அங்கிள். ஆ, ஆ, ஆ, ஆ."

"உனக்கு அது வாசிக்க வருதா?" ராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சின்னப் புள்ளைங்களுக்கு எழுதினது லா. சுலபம்." திரையில் எழுத்துப் பெட்டி ஒன்று திறந்தது. "ஓ, இவங்க ரெண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கப் போறாங்க."

"யாரு?"

"ஆஆஆஆவும் இந்தப் பொண்ணும்."

இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யேசுவே," என்றார் லியனார்ட். "தங்கச்சிடா அது!"

"அப்படின்னு நீதானே சொன்ன!"

"தங்கச்சி மாதிரிதானேடா பின்னாலயே வரா! நான் வேற எப்படி நெனைக்கறது?"

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்றோ. இந்தச் சிரிப்பு அடங்கியதும் பேச்சை எடுத்துவிடலாம் என்று ராஜன் நினைத்தார். அதற்குள் பாலம் வந்துவிட்டது.

கயிற்றுப் பாலம், கீழே ஆறு, பின்னால் கிராணியின் பட்டாளம். வீரனும் பெண்ணும் அக்கரை சேர்ந்துவிட்டார்கள். குண்டன் இன்னும் நடுப் பாலத்தில் இருந்தான். அங்கேயே திரும்பி நின்று ஒரு கேள்வி கேட்டான்.

"இதான் நான் சாகற எடம்," என்றார் லியனார்ட், சிரிப்பு போய்விட்ட குரலில். "பாத்துக்க கிறிஸ்டின். ஒவ்வொரு வாட்டியும் இதான். எங்க சுத்தி வந்தாலும் லியனார்ட் இங்கதான் நிப்பான். எழுதி வச்சது. முழு ஆளாத்தான் நிப்பான், முழு ஆளாத்தான் போவான். துண்டு துண்டா இல்ல."

ராஜனின் கட்டைவிரல் பழக்கத்தில் மேலே உள்ளதை அமுக்கியது.

"ஐயோ அங்கிள்! ஏன் சரின்னு சொன்னீங்க?"

குண்டன் கோடாரியை ஓங்கினான். கயிறு அறுந்தது. பாலமும் பட்டாளமும் அவனும் ஆற்றில் விழுந்தார்கள். அந்தச் சோக மெட்டு எழுந்தது.

"என்ன சரி? யாரு சரின்னு சொன்னா?" என்றார் லியனார்ட்.

கிறிஸ்டின் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "அவரு கேக்கறாருப்பா. ‘நான் இங்கயே நின்னு பாலத்த அறுத்துரவா’ன்னு கேக்கறாரு. மேல இருக்கறது சரி. கீழ இருக்கறது... வேணாம், நீயும் வா."

ராஜனின் கையிலிருந்து கட்டை நழுவி மடியில் விழுந்தது. எத்தனை தடவை? அந்த அறையில், லியனார்டின் கல்யாணத்துக்கு முந்தின வாரம், அவருடைய மனைவி பாக்கியத்தைப் புதைத்துவிட்டு வந்த சாயங்காலம், போன வருஷம் கிறிஸ்மஸுக்கு. ஒவ்வொரு தடவையும் குண்டன் நடுப் பாலத்தில் நின்று கேட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் செத்துப் போ என்று சொன்னது இந்த விரல்.

"கேள்வியாடா அது?" என்றார் லியனார்ட். "கேட்டானா அவன்?"

"எனக்குத் தெரியாது லியனார்ட்."

"கொலகாரா! இத்தன வருஷம் என்னக் கூட உக்காத்தி வச்சுக்கிட்டே கொன்னிருக்கியேடா!"

"நீதானே மேல அமுக்கு மேல அமுக்குன்னு..."

"நான் சொன்னா? நீ எப்பத்துலேர்ந்து நான் சொன்னதக் கேட்டிருக்க?" கத்திய வேகத்தில் கட்டுப் போட்ட கால் முக்காலியிலிருந்து சரிந்தது. வலியில் பல்லைக் கடித்தார். கிறிஸ்டின் ஓடிவந்து காலைத் தூக்கி வைத்தாள். அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. "அணை. சத்திரத்துலேர்ந்து திரும்பப் போடு."

ராஜன் அணைத்துப் போட்டார். சத்திரம், ஒற்றையடிப் பாதை, பாலம். குண்டன் திரும்பி நின்று கேட்டான். ராஜனின் விரல் இறங்க மறுத்தது. கீழே உள்ளதை அமுக்கும்போது, கிடங்கில் மூட்டை இறங்கும் நேரத்தில் கத்துவது போல, "கீழ பாத்து!" என்று வாய் தானாகக் கத்திவிட்டது.

குண்டன் கோடாரியை ஆற்றில் வீசினான். வீசிவிட்டு ஓடினான். அப்படி ஒரு ஓட்டத்தை அந்தக் கேமில் அவர்கள் பார்த்ததே இல்லை. அக்கரையில் வந்து விழுந்தான். வீரன் வாளால் கயிற்றை வெட்டினான். பட்டாளம் அந்தக் கரையிலேயே நிற்க, வெறும் பாலம் ஆற்றில் விழுந்தது.

திரையில் மறுபடியும் ஒரு பெட்டி திறந்தது.

"என்ன சொல்றான்? வாசி!"

கிறிஸ்டின் திரைக்குக் கிட்டே குனிந்தாள். "‘கோடாரி போச்சு. இனிமே நான் எதுக்கு உங்க கூட?’"

"அதுக்கு அவன் என்ன சொல்றான்? ஆஆஆஆ?"

"ஒண்ணும் சொல்லலப்பா. நடக்க ஆரம்பிச்சிட்டாங்க."

வீரன் நடந்தான். பெண் நடந்தாள். கடைசியில் வெறுங்கையோடு குண்டனும் நடந்தான். எப்போதும் இரண்டு பேர் மட்டுமே போன பாதையில் மூன்று பேர் போனார்கள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் பார்க்காத கேம் இது. தூரத்தில் அடுத்த ஊரின் கூரைகள் தெரிந்தன.

"கோடாரி இல்லாம என்னடா பண்ணுவான்?" என்றார் லியனார்ட் மெதுவாக. யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

ஒப்பித்து வைத்த பேச்சு ஒரு வார்த்தைகூட ராஜனுக்கு ஞாபகம் வரவில்லை. "தெரியலையே. போய்ப் பாத்தாத்தான் தெரியும்," என்று கட்டையில் முன்னால் நடக்கும் பட்டனை அமுக்கினார்.

"நிறுத்துடா!"

ராஜன் நிறுத்தினார்.

"நான் இல்லாதப்ப ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. அந்த ஊர்ச் சத்திரத்துக்குள்ள போய் சேவ் மட்டும் பண்ணு." லியனார்ட் மகள் பக்கம் திரும்பவில்லை. கட்டுப் போட்ட காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?"

கிறிஸ்டின் வாயைப் பொத்திக்கொண்டாள். "காலையில எட்டுக்குப்பா."

"இவனையும் வரச் சொல்லு. இங்க விட்டா திருட்டுத்தனமா வெளையாடுவான்."

ராஜன் ஊர் வாசலில் இருந்த சத்திரத்துக்குள் மூன்று பேரையும் கூட்டிப் போனார். சத்திரக்காரன் எப்போதும் போல ஏதோ கேட்டான். இரண்டு சொல் வந்தது, மேலே ஒன்று, கீழே ஒன்று. ராஜன் பட்டனிலிருந்து விரலை முழுசாக எடுத்துவிட்டார்.

"என்னம்மா கேக்கறான்? நல்லாப் பாத்து வாசி."

"‘மூணு பேருக்கும் எடம் இருக்கு, தங்கறீங்களா’ன்னு கேக்கறாரு அங்கிள்."

"மேல எது, கீழ எது?"

"மேலதான் சரி."

"இன்னொரு வாட்டி வாசி," என்றார் லியனார்ட்.