அப்பா யாரிடம் கேட்டார்

அவள் உள்ளே நுழைந்தால் உறவுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "பாத்துப் பேசுங்க, டேப் ரிக்கார்டர் வந்தாச்சு" என்று யாராவது சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டு வேறு விஷயத்துக்குத் தாவுவார்கள். அவள் தொழில் அப்படி. நடந்ததைத்தான் எழுத வேண்டும், ஆனால் கதைபோலப் படிக்க வைக்க வேண்டும். கதை எழுதுகிறவர்களுக்காவது மாட்டிக்கொண்டால் "எல்லாம் கற்பனை" என்று கையைக் கழுவ வழி உண்டு. இவளுக்கு அதுவும் கிடையாது. சித்தப்பா என்ன நிறச் சட்டை போட்டுக்கொண்டு அழுதார் என்று தெரிந்துகொள்ள ஊரெல்லாம் போன் போடுவாள். ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள். சட்டையை விட்டுவிட்டு அழுகையை மட்டும் வைத்துக்கொள்வாள்.

சட்டை நிறத்துக்கே இவ்வளவு பாடுபடுகிறவள், அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு ஆளையே தூக்கிவிட்டாள்.

தூக்கியது சொந்தத் தம்பியை. ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்தவன் அவன். அப்பா போன அன்றைக்கு அவள் வெளியூரில், உண்மையை எழுதுவது எப்படி என்று இளைஞர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டாம், வகுப்பின் பெயரே அதுதான். அவள் ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் தம்பிதான் சொன்னான்: "என் மேல கோபம் இல்லையே" என்று அப்பா கேட்டாராம். இல்லப்பா என்று இவன் சொன்னானாம். அதற்குப் பிறகு பேசவில்லையாம். தம்பியின் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தன் கடையில் உட்கார வைத்தவர் அப்பா. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் மனுஷன் போயிருக்கிறார் என்று குடும்பமே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

முதலில் இதை அப்படியேதான் எழுதினாள். பதிப்பகத்து ஆசிரியர் படித்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா முக்கியமான இடத்துல நீங்க வெளிய நிக்கிறீங்க. படிக்கிறவங்களும் வெளியவே நின்னுடறாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பொய் எழுதச் சொல்லவில்லை.

ஒரு வாரம் காலை வேளைகளில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த ஒரு பத்தியோடு மல்லுக்கட்டினாள். ரயிலிலிருந்து தொடங்கிப் பார்த்தாள், வராந்தாவிலிருந்து தொடங்கிப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. ஒரு நாள், சும்மா எழுதித்தான் பார்ப்போமே என்று, "நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்" என்று ஆரம்பித்தாள். பத்தி எழுந்து நின்றுவிட்டது. அப்புறம் தம்பிக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. கடைசியில் இல்லாதவன் முன்னால் இருந்தால் வாசகர் தேடுவாரே என்று, குளிப்பாட்டிய இடத்தில், கஞ்சி ஊட்டிய இடத்தில், சட்டை மாற்றிய இடத்தில் எல்லாம் அவனை எடுத்தாள். செய்வது திருட்டு என்று அப்போதே தெரியும். எழுந்துபோய்ச் சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைத்தாள். மறுநாள் படித்துப் பார்த்தால் கட்டுரை பிரமாதமாக இருந்தது. அதுதான் வினை.

அவள் கட்டுரைகளைத் தொகுத்துப் போடும் புத்தகத்தின் முதல் கட்டுரையாக அதையே வைத்தார்கள். அச்சுக்குப் போகும் முன், கட்டுரையில் வரும் விஷயங்களைச் சம்பந்தப்பட்டவர்களிடம் பதிப்பகத்தார் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கம். "உங்க தம்பிகிட்டயும் பேசிடறோம்" என்று அங்கிருந்து ஒரு பெண் சொன்னபோது, சரி என்று போனை வைத்துவிட்டாள். உடனே ஆசிரியரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு பத்தியும் கொஞ்சம் மானமும் போயிருக்கும். அவள் பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போனாள், அவனைப் பொய் சொல்லச் சொல்வதற்காக. வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தாள். "ஒரு சின்ன உதவிடா" என்று தொடங்குவதாக முடிவு.

தம்பி பல் செட் செய்கிறவன். முன்னறைதான் பட்டறை. கதவைத் திறந்த அவன் மனைவி, "வாங்க அண்ணி. உள்ள யாரோட பல்லையோ பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நேத்துலேருந்து வாயே திறக்கல" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

அவன் சின்ன மோட்டாரில் ஒரு பல் செட்டை ராவிக்கொண்டிருந்தான். மேஜையெல்லாம் வெள்ளைத் தூள். நிமிர்ந்து பார்க்காமல், "உக்காருக்கா" என்றான்.

"ஒரு சின்ன..."

"புத்தகக்காரங்க நேத்து போன் பண்ணாங்க."

அவள் ஒத்திகையை அங்கேயே விட்டுவிட்டாள். "என்ன கேட்டாங்க?"

"ஒரு நாலு வரி படிச்சுக் காட்டினாங்க. 'என் மேல கோபம் இல்லையே'ன்னு உங்கப்பா கேட்டது உங்க அக்காகிட்டதானேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன்."

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அது முதலில் வந்ததே என்று அடுத்த நொடியில் கூசிப்போனாள். தம்பி மோட்டாரை நிறுத்தினான். பல் செட்டைத் துணியின் மேல் வைத்தான்.

"உனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது? நர்ஸ் சொன்னாங்களா?"

"எதை?"

"அப்பா உன்னைத்தான் கேட்டாருன்னு." அவன் மேஜையைப் பார்த்தே பேசினான். "கடைசியில அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு 'பெரியவளே'ன்னாரு. பெரியவளே, என் மேல கோபம் இல்லையேன்னு. 'இது நான்ப்பா, அக்கா வந்துக்கிட்டிருக்கா'ன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. இல்லப்பான்னு மட்டும் சொன்னேன். குரலைக்கூட அவர் கண்டுபிடிக்கல."

முன்பெல்லாம் அப்பா அவளைப் பெரியவளே என்றுதான் கூப்பிடுவார். கடையை அவர் இழுத்து மூடிய கதையை அவள் பத்திரிகையில் எழுதினாள். அதற்காக அவர் ஒரு வருடம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுபடி பேச ஆரம்பித்த பிறகும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இனி கூப்பிட மாட்டார் என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"வராந்தாவுல உன்கிட்ட சொல்றப்போ அந்த ஒரு வார்த்தையை முழுங்கிட்டேன்" என்றான். "ரெண்டு மாசம் தூக்கி, துடைச்சு, எல்லாம் நான். ஒரு தடவைகூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடல. இதாவது என்கிட்ட கேட்டதா இருக்கட்டுமேன்னு தோணிச்சு. அப்புறம் எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி அழுதாங்களா, மாத்த முடியல. உன் மூஞ்சியைப் பாக்குறப்பெல்லாம் உறுத்தும். நேத்து அந்தப் பொண்ணு படிச்சதும் வெலவெலத்துப் போச்சு. சரி, அக்காவுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு, நாலு பேர் முன்னால கேட்டு அசிங்கப்படுத்தாம, அவளோடதை அவ எடுத்துக்கிட்டான்னு நினைச்சேன். தப்புதான்க்கா. மன்னிச்சுக்க."

தலையை ஆட்டினால் போதும். எல்லாம் கூடி வந்திருந்தது. கேட்டது அவளிடம்தான். புத்தகம் கிட்டத்தட்ட உண்மையாகவே ஆகிவிட்டது. தம்பி தன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று காலம் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பான். அவள் கழுத்து உண்மையிலேயே கொஞ்சம் அசைந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

"எனக்குத் தெரியாதுடா" என்றாள்.

"என்ன தெரியாது?"

"அவர் என்னைக் கேட்டார்னு. யாரும் சொல்லல. உன்னைத்தான் கேட்டார்னு நினைச்சேன். உன்னோடதுன்னு நினைச்சுதான் எடுத்துக்கிட்டேன்."

அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தான். விளங்கியதும் பார்வையைத் திருப்பிக்கொண்டான். கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"அப்ப இன்னைக்கு எதுக்கு வந்தே?"

"அவங்க கேட்டா நீ ஆமான்னு சொல்லணும்னு கேக்க வந்தேன்."

தம்பி மெல்லத் தலையை ஆட்டினான். மேஜையில் கிடந்த தூளைக் கையால் ஒரு ஓரமாக ஒதுக்கினான். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்பதுபோல் கேட்டான்.

"அந்தக் கட்டுரையில நான் எங்கயாச்சும் வர்றேனாக்கா?"

"இல்ல" என்றாள்.