வெட்டாமல் விட்ட கிடாய்

வீரலட்சுமியின் ஆடுகள் காலையில் புதுமடத்துக் கடலுக்குள் இறங்கி, அடிமணலில் முளைத்த புல்லை மேய்ந்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புகின்றன. காதுக்குப் பின்னால் அவற்றுக்குச் செவுள் உண்டு. வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். உள்ளூரில் கறி விலைதான் பேச்சு.

பக்கத்தில் இறால் பண்ணை வெட்டி, கிணறெல்லாம் உப்பாகிப்போன வருசம் ஆரம்பித்தது இது. மனுசருக்கு லாரியில் தண்ணீர் வந்தது. ஆட்டுக்கு எவன் கொண்டுவருவான்? வீரலட்சுமியின் பட்டியில் முக்கால்வாசி செத்தது. மூணு பெட்டை முக்கி முனகித் தேறியது. ஒரு கிடாய் மட்டும் உப்புத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு அசைபோட்டுக்கொண்டு படுத்தது. யாரும் பழக்கவில்லை, பிறப்பே அப்படி. அவள் கொழுந்தன் பாண்டித்துரைக்கு இது விளங்கவில்லை. பழகினால் எல்லாம் வரும் என்று தன் ஆடுகளைக் கட்டிவைத்து உப்புத் தண்ணீர் புகட்டினான். ஒன்று மிச்சமில்லாமல் போய்ச்சேர்ந்தன. பழகிக்கொள்ள அது என்ன சைக்கிளா?

வினை என்னவென்றால், அந்தக் கிடாய் கருப்பனுக்கு நேர்ந்துவிட்டது. செத்துப்போன புருசன் நேர்ந்தது. மாசிப் படையலுக்கு ஊரே அவள் வாசலில் வந்து நின்றது.

"மதினி, சாமி சொத்து. அவுத்து விடுங்க" என்றான் பாண்டித்துரை.

"இதை வெட்டிப்புட்டா இதுமாதிரி இன்னொண்ணு எங்கன பொறக்கும்? கருப்பனுக்குக் கோவம்னா என்னைய வெட்டட்டும். கிடாயைத் தரமாட்டேன்."

சாமிக்கு அஞ்சாத சிறுக்கி என்று ஏசிவிட்டு ஊர் ஒதுங்கியது. நல்லது கெட்டதுக்கு ஒருவரும் அவள் வாசல் மிதிக்கவில்லை. தனியாக உட்கார்ந்து அழுதாள். கயிற்றை மட்டும் விடவில்லை.

பெட்டைகள் ஈன்றன. அப்பனைப்போல் குடித்த குட்டிகள் பிழைத்தன, மற்றவை மண்ணுக்குள் போயின. பிழைத்தவை ஈன்றதிலும் அதே கதை. கரையில் மேய்ச்சல் கருகியபோது அலையில் முழங்கால் நனைய நின்றவற்றுக்கு இரை கிடைத்தது. அடுத்த ஈத்தில் மூச்சடக்கத் தெரிந்தது ஒன்று பிறந்தது, அதன் வம்சம் பெருகியது. பிறகொரு மழைக்காலத்தில் காதோரம் கீறலோடு ஒரு குட்டி விழுந்தது. அந்தக் கீறல் திறந்து மூடியதைப் பார்த்த வீரலட்சுமி, கடலுக்கும் சேர்த்து ஒரு பட்டி போடணும் போல என்றாள்.

சுற்றுவட்டாரத்தில் வேறு ஆடே இல்லாமல் போன வருசம் பாண்டித்துரை தலைகுனிந்து வந்தான்.

"ஒரு சோடிக் குட்டி குடுங்க மதினி."

"வளக்கவா, வெட்டவா?"

"வளக்கத்தான்."

கொடுத்தாள். கருப்பனுக்கு இப்போது சர்க்கரைப் பொங்கல். சாமி கோபித்ததாகத் தகவல் இல்லை.

அந்தக் கிழட்டுக் கிடாய் இன்னும் இருக்கிறது. அதற்குச் செவுள் கிடையாது. பிறக்கையில் இல்லாதது பிறகு வராது. தினமும் சாயங்காலம் கரையில் நின்று, தன் வம்சத்தில் கடைசிக் குட்டி தண்ணீரைவிட்டு ஏறும்வரை பார்த்துக்கொண்டே இருக்கும்.