கழித்தல் பக்கம்

மல்சுன் மாட்டிறைச்சிச் சூப்பை மேசையில் வைப்பதற்குள் துக்கத்துக்கு வந்திருந்த சா என்பவர் மூன்றாவது கிண்ணம் சோஜு மதுவை முடித்துவிட்டார். உல்சான் ஆஸ்பத்திரியில் மூளைப் படம் எடுக்கிறவர். நாளெல்லாம் "அசையாதீங்க" என்பதற்கு மேல் பேசக் கொடுத்துவைக்காத வாய். சாவு மண்டபத்தில் அதற்கு விடுமுறை.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆள் கெடைக்கமாட்டாங்கம்மா," என்றார். "கப்பல் பட்டறைத் தீயில மாட்டியும் மனசுல ஒரு கீறல் இல்ல. கழித்தல் பக்கத்துக்கு அவர் வந்தது, ஆராய்ச்சி பண்ற உங்க கொழுந்தனார் கி-தே சாரோட அதிர்ஷ்டம்."

"எந்தப் பக்கத்துக்கு?"

சா தட்டிலிருந்த கிம்ச்சியைக் குச்சியால் இரண்டாகப் பிரித்தார். "இது, தீக்கு அப்புறம் மனசு ஒடஞ்சவங்க. இது, அதே தீயில இருந்தும் நல்லா இருக்கறவங்க. அவங்க படத்துலேர்ந்து இவங்க படத்தக் கழிச்சா மிச்சம் நிக்கறதுதான் நோவு. ஒடஞ்சவங்களுக்கு வைத்தியமும் உண்டு. யார் எந்தப் பக்கம்னு உங்க கொழுந்தனார்தான் பிரிச்சார். நல்லா இருக்கறவங்களுக்குத்தான் பஞ்சம்!"

நல்லா இருந்த மனுஷன், அவள் கணவர் பியோங்-சிக், தீக்கு அப்புறம் நான்கு வருஷமாகக் குளியலறைத் தரையில், குழாயைச் சொட்டவிட்டுத்தான் தூங்கினார். அதை மல்சுன் கொழுந்தனிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தாள். "படத்தப் பாத்துட்டேன் அண்ணி, அண்ணனுக்கு ஒண்ணுமில்ல," என்றிருந்தான் அவன். நேற்று விடியற்காலையில் அதே தரையில் அவர் நெஞ்சு நின்றுபோனது.

கி-தே கையில் துக்கப் பட்டையோடு அண்ணன் படத்தருகே நின்றிருந்தான். மல்சுன் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி, அவர் கழித்தல் பக்கமா?"

அவன் வாசலைப் பார்த்தான். "மெதுவா அண்ணி. கேள்வித்தாள்ல அண்ணனே 'ஒண்ணுமில்ல'ன்னுதான் போட்டார்."

"கூடப்பொறந்தவன் நீட்டுற தாள்ல வேற என்னத்தப் போடுவார்? நான் வாய்விட்டுச் சொன்னேனே."

"நீங்க சொன்னது தாள்ல வராதே. அந்தப் பக்கத்துல ஒருத்தர் கொறஞ்சிருந்தாலும் ஆராய்ச்சி நின்னிருக்கும் அண்ணி."

பட்டறை ஆட்கள் நான்கு பேர் வெள்ளைச் சாமந்தியோடு வந்தார்கள். மல்சுனும் கி-தேவும் சேர்ந்தே அவர்களைக் குனிந்து வணங்கினார்கள். பார்த்தவர்கள், என்ன ஒற்றுமையான குடும்பம் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு மல்சுன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே திரையில், இறந்தவர் பெயருக்குக் கீழே துக்கம் காப்பவர்கள்: மனைவி குவாக் மல்சுன், தம்பி தோ கி-தே.

"இதுல ஒரு பேர எடுக்கணும்."

"எழுத்துப் பிழையாம்மா?" என்றாள் ஊழியப் பெண்.

"இல்ல. தம்பி பேர எடுங்க."

திரை ஒருமுறை இருண்டது. மறுபடி ஒளிர்ந்தபோது மல்சுன் பெயர் மட்டும் தானாக நடுவுக்கு நகர்ந்திருந்தது.