லிஃப்ட் நின்றிருந்தபோது

எழுந்தான். பல் தேய்த்தான். குளித்துவிட்டு ஈரத் துண்டைப் பால்கனிக் கொடியில் விரித்துப் போட்டான். நின்றபடியே டீ குடித்தான். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் கேபிள் பராமரிப்பு அவன் வேலை. மனைவி இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவள் அம்மா இப்போது அதே ஆஸ்பத்திரியின் இதய வார்டில் படுத்திருந்தார்.

நர்ஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"லிஃப்ட் ஏறும்போதெல்லாம் உங்க அத்தைக்கு உசுரு போயிட்டுப் போயிட்டு வருது சார். மேசைல மணி அடிக்குது, விழுந்தடிச்சு ஓடினா அவங்க ஜம்முனு படுத்திருக்காங்க. இப்பல்லாம் யாரும் எழுந்திருக்கறதே இல்ல."

அப்படியென்றால், நிஜமாக அடித்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

"நான் வேலைய முடிக்கறவரைக்கும் கட்டில் பக்கத்துலயே நில்லுங்க சிஸ்டர்."

ஏணி போட்டு வார்டுக் கூரையின் தட்டைக் கழற்றினான். கட்டிலிலிருந்து நர்ஸ் மேசைக்கு நாடித்துடிப்பைக் கொண்டுபோகும் கேபிள், லிஃப்ட் மோட்டாரின் மின்கம்பியோடு ஒட்டி உறவாடிக்கொண்டு போனது. பிரித்து எட்டக் கட்டினான். லிஃப்டை ஏற்றச் சொன்னான். மேசைத் திரையில் கோடு முன்னைவிடக் குறைவாகக் கலைந்தது. ஆனாலும் கலைந்தது.

கேபிளைச் சுற்றியிருந்த உலோக உறையைத் தொடர்ந்து போனான். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமென்று எந்த மகராசனோ இரு முனையிலும் எர்த் கொடுத்திருந்தான். இரைச்சலைத் தடுக்க வேண்டிய உறை வழியாகவே மின்சாரம் ஒரு சுற்றுப் போய் வந்துகொண்டிருந்தது. மேசைப் பக்கத்தை விட்டுவிட்டு, கட்டில் பக்கத்து எர்த்தை வெட்டி டேப் சுற்றினான்.

லிஃப்ட் ஏறியது. இறங்கியது. கோடு அசைந்துகொடுக்கவில்லை. "சரி பண்ணிட்டேன் சிஸ்டர்," என்றான். நர்ஸ் மேசைக்குத் திரும்பினாள்.

அவன் ஏணியை மடக்கும்போது மணி அடித்தது.

"என்ன சார், சரி பண்ணிட்டேன்னீங்க?" அவள் நிமிரக்கூட இல்லை.

அவன் லிஃப்டைப் பார்த்தான். கதவு திறந்து, காலியாக நின்றிருந்தது.

"லிஃப்ட் நிக்குது சிஸ்டர்! ஓடுங்க!"

ஓடினாள். டாக்டர் வந்தார். ஊசி போட்டார்கள், மார்பை அழுத்தினார்கள். அவன் ஏணியைப் பிடித்தபடியே நின்றான்.

சாயங்காலம் அத்தை கண் திறந்தார்.

"மாப்பிள்ளை, 'அம்மாவப் பாத்துக்கோ'ன்னு அவ கடைசியா சொன்னதா சொன்னீங்களே. அதுக்காகவா இந்தப் பாடு?"

அவன் போர்வையை இழுத்து அவர் காலை மூடினான்.

"என் பொண்ணு அவ்வளவு பொறுப்பாப் பேசறவ இல்லையே. நெசமா என்ன சொன்னா?"

திரையில் கோடு சீராக ஓடியது.

"அன்னிக்கு நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். உள்ளேருந்து கத்தினா," என்றான். "'ஈரத் துண்ட மெத்தை மேல போடாதன்னு உனக்கு எத்தன தடவதான் சொல்றது?'"