கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கறை

மூத்த மருமகளுக்குத் தெருவில் ‘பளிச்சக்கா’ என்று பெயர். சலவைக்கடைக்காரி. அவள் கை பட்ட துணியில் கறை தங்கியதாகச் சரித்திரம் கிடையாது. அந்தப் பெருமைதான் இப்போது அவள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டது.

அவளுடைய மாமியார் பழைய அச்சகத்தில் இயந்திரத்துக்கு மை போட்டவர். அவர் போன பிறகு, அவருடைய வேலைக் கோட்டுகள் இரண்டும் மருமகள்கள் இருவருக்கும் ஆளுக்கொன்றாக வந்தன. மூடிக்கிடந்த அச்சகத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து அருங்காட்சியகம் தொடங்கினார்கள். வீட்டிலுள்ள பழைய உடுப்புகளைக் கேட்டார்கள். பளிச்சக்கா சும்மா கொடுப்பாளா? ஊறவைத்து, கசக்கி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கல்யாணப் பெண்ணைப் போல ஜோடித்துக் கொண்டுபோனாள். இளையவளோ பெட்டிக்கடியில் சுருண்டு கிடந்ததை அப்படியே பையில் திணித்துக் கொடுத்தாள்.

இளையவளின் கோட்டுக்குக் கூடத்து நடுவே கண்ணாடிப் பெட்டி. மூத்தவளின் கோட்டுக்குப் பின்னறை இழுப்பறை!

“கறைதாம்மா சரித்திரம்,” என்றார் அருங்காட்சியகப் பொறுப்பாளர். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. அங்கே அச்சான சுவரொட்டிகளைத் தேடிப்பிடித்துச் சுவரெல்லாம் மாட்டியிருந்தார். “உங்க கோட்டைப் பாத்தா நேத்து கடையில வாங்கின மாதிரி இருக்கே.”

“அப்போ சோம்பேறித்தனத்துக்கு சிம்மாசனமா டீச்சர்?” என்று வளைந்த சுண்டுவிரலை ஆட்டிக் கேட்டுவிட்டு வந்துவிட்டாள். சின்ன வயதில் கதவிடுக்கில் சிக்கி வெளிப்பக்கமாகக் கோணிப்போன விரல் அது. கோபம் வந்தால் அதுதான் முதலில் ஆடும்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற இளையவள் கடைக்கே வந்தாள்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. பெட்டி பக்கத்துல நின்னு என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. அந்தக் கோட்டுல அத்தையோட உள்ளங்கை அப்படியே பதிஞ்சிருக்காம்! எம்மேல எவ்வளவு பாசம் இருந்தா அதை எனக்கு விட்டுட்டுப் போயிருப்பாங்க?”

“நீ துவைக்க மாட்டேன்னு தெரிஞ்சு விட்டிருப்பாங்க.”

இளையவள் சிரித்துக்கொண்டே போனாள். கல்யாணமான புதிதில் மாமியாரோடு ஒரே இயந்திரத்தில் நின்று வேலை பார்த்தவள் பளிச்சக்கா. அச்சக வாசற்படியைக்கூட மிதிக்காதவள் பெயர் பெட்டியின் மேல்! வேலை பார்த்தவளுக்கு ஓர் ஓரத்தில்கூட இடமில்லை.

விழாவுக்கு முந்தின நாள் பொறுப்பாளரே கூப்பிட்டார். கோட்டைக் கசங்காமல் பொம்மைக்கு மாட்ட வேண்டுமாம். துணி விஷயத்தில் அவளை விட்டால் ஆளில்லையாம். பளிச்சக்கா உடனே கிளம்பினாள். கைப்பையில் கறை நீக்கும் மருந்து பாட்டிலும் கிளம்பியது.

பொறுப்பாளர் விளக்கு வாங்க வெளியே போனார். அவள் பாட்டிலின் மூடியைத் திருகிவிட்டுக் கோட்டைப் புரட்டினாள்.

நட்ட நடு முதுகில் நீலக் கை. ஐந்து விரலும் மேல் நோக்கி. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாகக் கோணல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எண்ணெய்த் தரையில் வழுக்கி, மை படிந்த கையால் முன்னால் நின்ற மாமியார் முதுகைப் பிடித்தது ஞாபகம் வந்தது. “என் முதுகென்ன சுவராடி?” என்று அன்றைக்கு வாங்கிய வசவும் ஞாபகம் வந்தது. பிறகு அந்தக் கோட்டை மாமியார் போட்டு அவள் பார்த்ததேயில்லை.

தன் கையை அதன்மேல் வைத்தாள். உறை போட்டது போலப் பொருந்தியது. மூடியை இறுக்கித் திருகிப் பாட்டிலைப் பைக்குள் போட்டாள். பொம்மையின் முதுகு கூட்டத்தைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இளையவள் தொண்டையைச் செருமினாள். “இது எங்க அத்தையோட கை. எனக்காகவே...”

“நில்லு தங்கச்சி,” கூட்டத்திலிருந்து பளிச்சக்கா வந்தாள். “உன் முதுகுல உன் கையை வச்சுக் காட்டு. உள்ளங்கை படணும், விரல் மேல பாக்கணும்.”

இளையவள் மேலே விட்டுப் பார்த்தாள், கீழே விட்டுப் பார்த்தாள், ஒரு சுற்றும் சுற்றினாள். கூட்டம் சிரித்தது. பளிச்சக்கா நிதானமாகத் தன் உள்ளங்கையைக் கண்ணாடியில் அந்த நீலக் கைக்கு நேராகப் பதித்தாள். கோணல் விரலுக்கு நேராகக் கோணல் விரல்.

“அடடா! நாங்க யாரும் இதை யோசிக்கலையே!” என்று பொறுப்பாளர் பெயரட்டையை எடுத்து, கைக்குச் சொந்தக்காரி மூத்த மருமகள் என்று அங்கேயே எழுதிச் சேர்த்தார்.

“நான் துவைக்காம வச்சதாலதானே அக்கா உங்க கை பொழைச்சுது?” என்றாள் இளையவள். முகம் சுண்டியிருந்தது.

பளிச்சக்கா கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள். வியர்வை ஈரத்தில் கை அச்சு அப்படியே நின்றது. பொறுப்பாளர் துடைக்கப் போனார்.

“இருக்கட்டும் டீச்சர்,” என்றாள், பிறந்ததிலிருந்து எந்தக் கறைக்கும் சொல்லாத வார்த்தையை.

கூட்டம் கலைந்து அவள் வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது, இளையவள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துளி விடாமல், பளிச்சென்று.