நிழல் வலை

காப்பகத்து அக்காவுக்கு வெயில் என்றால் கொள்ளைப் பிரியம். கடலாமை முட்டைகளைக் கரையிலிருந்து எடுத்துவந்து, கம்பி வேலிக்குள் மணலில் புதைத்து, குஞ்சு பொரிந்ததும் கடலில் விடுவதுதான் அவள் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு குழி முட்டை முழுவதையும் எறும்பு தின்றுவிட்டது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நிழலில் கிடந்தால் பொரியத் தாமதமாகும், அதற்குள் எறும்பும் நண்டும் விருந்து வைத்துக்கொள்ளும் என்று தானாகவே முடிவு கட்டினாள். மேலே கட்டியிருந்த நிழல் வலையை அவிழ்த்துப் பரணில் போட்டாள். அன்றிலிருந்து குஞ்சுகள் சீக்கிரமே வெளியே வந்தன. யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதே என்று பயப்படுமளவுக்கு நல்ல பேர்.

ஒவ்வொரு குஞ்சையும் விடும்போது, "போயிட்டு வா, ராசா" என்பாள். ஆமை அருகிக்கொண்டே வருகிற கடலுக்குத் தன்னால் ஆனதைச் செய்கிறோம் என்று ஒரு கர்வம். இருக்கட்டுமே, உழைக்கிறவளுக்கு அதுகூட வேண்டாமா?

அன்று மதியம் கால்நடை டாக்டர் வந்தாள். அக்காவின் நாத்தனார்தான். வாசலிலேயே சாப்பாடு கேட்கிறவள், அன்று கேட்கவில்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அண்ணி, குழியிலேயே செத்துப்போன குஞ்சுங்களைக் குடுத்தீங்கல்ல, அறுத்துப் பார்த்தேன். பாட்டில்ல போட்டு வெச்சிருந்த பழைய வருஷத்துக் குஞ்சுங்களையும் பார்த்துட்டேன். எல்லாமே பொண்ணு."

"நல்லதுதானே! உங்கண்ணன் மாதிரி ஒண்ணு பிறந்து என்னத்தைக் கிழிக்கப்போகுது?"

டாக்டர் சிரிக்கவில்லை. "ஆமை ஆணா பொண்ணாங்கிறதை மணலோட சூடுதான் முடிவு பண்ணும். சூடு ஏறிப்போச்சுன்னா பொண்ணு மட்டும்தான். நிழல் வலையை எப்ப எடுத்தீங்க?"

அக்கா பரணை அண்ணாந்து பார்த்தாள். "சேர்ந்த வருஷமே" என்றாள்.

"இந்தக் கரையில போடுற முட்டையில முக்கால்வாசி உங்க கைக்குத்தான் வருது. இதுங்க வளர்ந்து திரும்பி வரும்போது ஆணே இல்லேன்னா, போடுறதெல்லாம் கூமுட்டைதான் அண்ணி."

எறும்பு தின்றது ஒரு குழியை. அவள்?

விழுந்தடித்துக்கொண்டு பரணில் ஏறி வலையை இழுத்துப்போட்டாள். ஒரு முனையைக் கட்டுவதற்குள் முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. "இப்ப கட்டிட்டா சரியாயிடும்ல?"

"பாதி நாள் தாண்டின குழிக்கெல்லாம் முடிவாகிப்போச்சு. இன்னிக்குக் காலையில புதைச்சீங்களே, அதுக்கு உதவும்."

சாயங்காலம் வழக்கம்போல வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. தொட்டியில் அன்று பொரிந்த குஞ்சுகள் துடுப்புக் கால்களை அடித்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறின. அக்கா முதல் குஞ்சை எடுத்து ஈர மணலில் விட்டாள்.

"என்னக்கா, ராசாவை வழியனுப்பலையா?" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"போயிட்டு..." என்றாள். அதற்கு மேல் வாய் வரவில்லை. எதற்காக வரச் சொல்வது? அலை வந்து குஞ்சை இழுத்துக்கொண்டு போனது. கூட்டம் கைதட்டியது.