அப்பாவின் கை

1

இந்தக் கதை என் மனைவி மதுமதி போட்ட ஒரு நிபந்தனையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் குழந்தை வேண்டாம் என்றபோது அவள் சண்டை போடவில்லை. "அச்சா. ஆனா உங்கப்பாவைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? அவர் தங்கச்சிகிட்ட ஒரு தடவை உக்காந்து கேளு. அப்புறமும் வேண்டாம்னா நான் பேச மாட்டேன்" என்றாள்.

என் காரணம் எளியது. எனக்கு இடது காது கேட்காது. நான்கு வயதில் அப்பா அறைந்ததில் போனது. அப்பா இறந்துவிட்டார், அவருடைய அகன்ற உள்ளங்கையும் கட்டைவிரலும் எனக்கு அப்படியே இருக்கின்றன. நான் யாரையும் அடித்ததில்லை. அடித்துவிடுவேனோ என்ற பயத்தில் குரலைக்கூட உயர்த்தியதில்லை. (நண்பர்கள் இதைச் சாந்த குணம் என்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.)

2

'ஜனக்புரியின் மாலை வெயில் அத்தை வீட்டு பால்கனியில்—'

வேண்டாம். நான் வெயிலை எழுதினால் எதையோ தள்ளிப்போடுகிறேன் என்று பொருள்.

நடந்தது இது. மயூர் விஹார் வீட்டிலிருந்து தில்லி மெட்ரோவில் கிளம்பினேன். அம்மாவும் கூட வந்தாள். நான் எதற்காகப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். உஷாராணி அத்தை அப்பாவின் ஒரே தங்கை, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் பேச்சிலிருந்து திருநெல்வேலி இன்னும் போகவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கத் தொடங்கினாள். நான் கைப்பேசியில் பதிவை ஓடவிட்டேன்.

"அப்பாவுக்குச் சின்ன வயசுலேயே கோபம் வருமா அத்தை?"

"அண்ணனுக்கா? எங்க மேல ஒருநாளும் கை நீட்டுனது இல்லல."

"அப்போ என்னை மட்டும் ஏன் அடிச்சாரு?"

அத்தை என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தாள்.

3

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அத்தையை நம்பலாமா? அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவள்; அவர் பெயரைக் காப்பாற்ற எதையும் சொல்வாள். முதல் வரைவில் அவளைப் பொய் சொல்பவளாகவே எழுதினேன். கதை சுலபமாக முடிந்தது. நானும் பழையபடியே இருந்தேன்.]

"மதினி, நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

அம்மா தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் நின்றன.

"அண்ணன் அன்னைக்கு டெல்லியிலேயே இல்லல கௌதமா," என்றாள் அத்தை. "ஆபீஸ் வேலையா போபால் போயிருந்தாவ. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்ல நீயும் உங்கம்மாவும்தான் இருந்திய."

நான் பதிவை நிறுத்தக் கை நீட்டினேன்.

"நிறுத்தாத," என்றாள் அம்மா. "ஓடட்டும்."

4

அவள் சொன்னதை அழகாக எழுதிப் பார்த்தேன். 'தனிமை அவளை மெல்ல மெல்ல—' அடித்துவிட்டேன். அவள் அப்படிப் பேசவில்லை.

"உனக்குக் காய்ச்சல். ரெண்டு நாளா அழுத. எனக்கு இந்தி தெரியாது, கேக்க ஆள் இல்ல. அழாதல, அழாதலன்னு சொல்லிப் பாத்தேன். அறைஞ்சுட்டேன். காதுல ரத்தம் வந்துச்சு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"பிள்ளை, பெத்தவளைப் பாத்தே பயந்தா எங்க போவான், அப்பாதான் அடிச்சாருன்னு அவன்கிட்ட சொல்லிருன்னாவ. சொல்லிட்டேன்."*

"அவர் போன பிறகாவது சொல்லியிருக்கலாம்லம்மா."

"நீ எங்கிட்ட பாசமா இருந்தல்லா," என்றாள்.

(* பள்ளிக்கூட நாட்களில் ஒருமுறை காதைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "உங்கப்பாதான்" என்றாள். அப்பா எதிரில் இருந்தார். செய்தித்தாளை இறக்காமல் பக்கத்தைத் திருப்பினார். அதன்பிறகு கடைசிவரை நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.)

5

முடிவுக்கு இரண்டு யோசனைகள் வைத்திருந்தேன். ஒன்றில் நான் அம்மாவை மன்னிக்கிறேன், அவள் அழுகிறாள். மற்றதில் அவளை அத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன். இரண்டும் நடக்கவில்லை. ஒரே பெட்டியில் திரும்பினோம். ரயில் யமுனையைக் கடக்கும்போது, கம்பியைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தேன். சின்னக் கை.

கதவைத் திறந்த மதுமதி எங்கள் முகங்களைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றாள்.

நான் வாய் திறக்குமுன் அம்மா செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்: "அவனை அடிச்சது அவுக இல்ல மது. நான்தான்."

மது அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு என்னை அறைக்குள் அழைத்தாள்.

"உங்கப்பா மாதிரி ஆயிடுவேன்னு பயந்த. இப்போ என்ன சொல்ற?"

அப்பா மாதிரி ஆவது என்றால் இனி என்ன பொருள்? அம்மாவின் மகனும் நான்தானே? "எழுதிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

மது மறுபடியும் கதவருகே வந்து நிற்கிறாள். தில்லியில் பிறந்தவள், தமிழ் படிக்கத் தெரியாது. பக்கம் நிறைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"முடிஞ்சுதா?" என்கிறாள்.

ஒரு வாக்கியம் பாக்கி இருக்கிறது, அவள் கேட்டதற்கு என் பதில். அதை உங்களுக்கு எழுத மாட்டேன். எழுந்து போய் அவளிடம் சொல்லப் போகிறேன்.